ஒரு குறையும் வைக்கவில்லை

மகன் மாயவனைக் குளிப்பாட்டும்போது கண்ணம்மாள் அவனுடைய இடது கையை மட்டும் பார்க்க மாட்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவாள், முதுகைத் தேய்ப்பாள், காதுக்குப் பின்னால் இருக்கும் அழுக்கை விரலால் சுரண்டி எடுப்பாள். இடது கை வரும்போது முகத்தை வேப்பமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு அவசரமாக ஒரு தேய் தேய்த்து விட்டுவிடுவாள். தோளுக்குக் கொஞ்சம் கீழே காசு அளவில் இரண்டு தழும்புகள் அங்கே இருந்தன. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிறுத்தி அம்மை குத்தியதில் வந்தவை. பார்க்காமல் இருந்துவிடலாம். ஆனால் சோப்புக் கையில் அந்த வழவழப்பு எப்படியும் தட்டுப்பட்டுவிடும்.

குளித்து முடித்ததும் சட்டையை மாட்டிவிடுவாள். சித்திரை வெயிலில் ஊரிலிருந்த பையன்கள் எல்லாம் வெற்று உடம்போடு ஏரிக்கரையில் திரிய, இவன் மட்டும் சட்டைக்குள் வியர்த்து ஊறிக்கொண்டு நின்றான். பையனைத் தாசில்தார் ஆக்கப் போகிறாளாம் என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்து வைப்பாள்.

மாயவனுக்கு ஒரு தங்கை இருந்தாள். காவேரி. சீனாக்காரன் சண்டை நடந்ததற்கு மறு வருடம், பேச்சு திருந்தி வரும் வயதில், அம்மை வந்து போய்விட்டாள். அந்த ஊரில் அம்மையில் போன பிள்ளைக்கு அழக்கூடாது. ஆத்தா கேட்டு வாங்கிக்கொண்டதற்கு அழுதால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதுபோல் ஆகிவிடும் என்பார்கள். வழக்கம் அப்படித்தான், ஆனாலும் பெற்றவள் எவளும் அதைக் கடைப்பிடித்ததில்லை. சேலையை வாயில் அடைத்துக்கொண்டாவது அழுதுவிடுவாள். கண்ணம்மாள் ஒரு சொட்டு விடவில்லை. மஞ்சள் துணியில் சுற்றி வேப்பிலை போர்த்திக் குழந்தையை அவள் புருஷன் நஞ்சப்பன் தோளில் போட்டுக்கொண்டு போனபோது அவள் வாசல்படியில் நின்று பார்த்தாள், அவ்வளவுதான். அதன் பிறகு ஊருக்குள் அவளுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்கள். "ஆத்தாளுக்குப் புடிச்ச கைங்கக்கா உங்க கை, கொஞ்சம் வேப்பிலைத் தண்ணி தொட்டு வெச்சுடுங்க" என்பார்கள். அவளும் தொட்டு வைப்பாள். அப்போது அவள் முகம் சுண்டிப்போகும். அடக்கமானவள் என்று அதற்கும் ஒரு பெயர் கொடுத்தார்கள்.

அவள் அழாதது பக்தியினால் அல்ல, வெட்கத்தினால். பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழலாம். தானே ஒளித்து வைத்துத் தொலைத்தவள் எந்த முகத்தோடு அழுவது?

காவேரி போன அந்த வருடம் பங்குனியில் நஞ்சப்பன் தீ மிதிப்பதாக வேண்டியிருந்தான். காவேரி பிறந்தபோது கண்ணம்மாள் பிழைப்பதே சந்தேகம் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். அன்றைக்கு வைத்த வேண்டுதல். வருடாவருடம் தள்ளிப்போய் அந்த வருடம் கூடி வந்தது. காப்புக் கட்டிக்கொண்டால் திருவிழா முடிகிற வரை கோயிலிலேதான் இருக்க வேண்டும், வீட்டுக்கு வரக்கூடாது. கிளம்புகிற அன்று வேட்டியை மடித்துக்கொண்டே அவன் சொன்னான்:

"பென்னாகரம் பக்கம் அம்மை வெளையாடுதாம். ஊசிக்காரரு நம்ம ஊருக்கும் வருவாரு. பாப்பாவுக்குக் குத்திக்க."

"காப்பு கட்டியிருக்கறப்பவா?"

"அதுக்கென்ன. ஆத்தா வேற, ஊசி வேற. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

அவனுடைய தம்பி ஒருவன் சின்ன வயதில் அம்மையில் போனவன். அதனால் ஊசி விஷயத்தில் நஞ்சப்பன் ஊரோடு சேர்ந்தவன் அல்ல. அவள் தலையாட்டினாள். தலைதான் ஆடியது. ஊரில் காப்புக் கட்டிவிட்டால் தீ மிதிக்கிறவன் வீட்டில் யார் உடம்பிலும் இரும்பு படக்கூடாது, சவரம்கூடக் கிடையாது. தெருக்கோடி ஆண்டி தீ மிதித்த வருடம் அவன் பெண்டாட்டி மறதியாகப் பிள்ளைக்கு நகம் வெட்டிவிட்டாள் என்றும், அதனால்தான் அவனுக்குக் கால் வெந்தது என்றும் சொல்வார்கள். ஆண்டி இன்றைக்கும் கோலை ஊன்றிக்கொண்டு அவள் வாசல் வழியாகத்தான் கடைக்குப் போகிறான். தன் உயிருக்காகத் தீயில் இறங்கப் போகிறவனின் கால், தான் செய்யும் காரியத்தால் வெந்துவிடுமோ என்ற நினைப்பு அவளை விடவில்லை.

ஊசிக்காரர் சவுரியப்பன் கோவிலூர்ப் பக்கத்து ஆள். சைக்கிளில் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வருவார். அவர் வந்தால் ஊரில் திடீரென்று குழந்தைகளே இல்லாமல் போய்விடும். தொட்டில் ஆடிக்கொண்டிருக்கும், உள்ளே பிள்ளை இருக்காது. அன்றைக்குக் கண்ணம்மாளும் காவேரியைத் தூக்கி, கேழ்வரகு கொட்டி வைக்கும் மூங்கில் தொம்பைக்குள் இறக்கினாள். போன அறுப்பு முடிந்து மாதங்கள் ஆகிவிட்டதால் பாதித் தொம்பை காலியாக இருந்தது. கையில் ஒரு வெல்லக்கட்டியைக் கொடுத்து, சத்தம் போடாமல் இருக்க வேண்டும், மாமா உன்னைத் தேடுவார் என்றாள். குழந்தைக்கு ஒரே குஷி. தானாகவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாயைக் கையால் பொத்திக்கொண்டது.

"வூட்டுல சின்னப் புள்ளைங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று வாசலில் நின்று அவர் கேட்டார்.

"இல்லீங்க. ஒரே பையன். அவனுக்கு இஸ்கூல்லயே குத்தியாச்சுங்க."

அவர் கொடியைப் பார்த்தார். அங்கே ஒரு சிவப்புப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது, ஒரு முழம்கூட இருக்காது. "அது?"

"எங்க அக்கா மவளுது. வந்துட்டுப் போயிட்டா."

அந்த நேரம் பார்த்துத் தொம்பைக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. கேழ்வரகுத் தூசி. கண்ணம்மாள் தரையைப் பார்த்தாள். அவரும் தரையைத்தான் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டவில்லை. "யோசிச்சுப் பாருங்கம்மா. நான் சாயங்காலம் வரைக்கும் சாவடிகிட்டதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பொழுது சாயும் வரை அவர் புளியமர நிழலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தண்ணீருக்குப் போனபோதும் வந்தபோதும் அவள் பார்த்தாள். போகவில்லை. வீட்டில் அரிசி தீர்ந்துபோனால்கூட இல்லை என்று சொல்லாமல் நிறைந்திருக்கிறது என்று சொல்லிப் பழகிய வாய், பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்லிவிட்டிருந்தது. அது அப்போதே நெஞ்சில் முள்ளாகக் குத்தத்தான் செய்தது. ஆனால் காவேரி, தலையெல்லாம் உமியோடு, "மாமா என்னைக் கண்டுபுடிக்கல" என்று வீடு முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தாள். அவள் குதிப்பதைப் பார்த்து இவளும் சிரித்துவிட்டாள்.

நஞ்சப்பன் தீ மிதித்தான். கால் வேகவில்லை. காப்பு அவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவன் சுவரோரம் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தூக்கிக் காட்டினான். "பாரு, ஒரு கொப்புளம் இல்ல" என்றான். கண்ணம்மாளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. தான் செய்ததுதான் சரி என்று அந்தப் பாதங்களே சொல்வதுபோல் இருந்தது. அடுத்ததாக அவன், "பாப்பாவுக்குக் குத்தியாச்சா?" என்று கேட்டான்.

"ஆச்சு" என்றாள்.

அடுத்த சந்தைக்கு இண்டூர் போகும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் குத்திவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சந்தை வருவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. பிறகு அம்மை முத்து போட்டது. வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். முத்து உடம்பெங்கும் ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டது. ஊசி குத்திய இடம் எங்கே என்று யாரும் தேடிப் பார்க்க அதில் இடம் இருக்கவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் நஞ்சப்பன் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "ஊசியும் குத்தினோம், ஆத்தாளுக்குத் தீயும் மிதிச்சேன். ரெண்டும் செஞ்சும் எடுத்துக்கிட்டான்னா அது அவ சித்தம். நாம ஒரு கொறையும் வெக்கல." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவன் எழுந்து நின்றான். அதைச் சொல்லிவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தான், ஏர் பூட்டினான், மறுபடி கோயிலுக்குப் போனான். சில சமயம் ராத்திரி படுக்கையில் அவள் பக்கம் திரும்பி, ஏதோ அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஒரு கொறையும் வெக்கல புள்ள நாம" என்பான். அவள் இருட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். சொல்லிவிட வேண்டும் என்று பலமுறை வாய் வரை வந்தது. சொன்னால் அவன் பிடித்துக்கொண்டு நிற்க என்ன மிஞ்சும்? அவனுக்காகத்தான் பேசாமல் இருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி அவனுக்காக, பாதி தனக்காக. எந்தப் பாதி பெரியது என்று அவளுக்குத் தெரியும்.

தொம்பையிலிருந்து கேழ்வரகு எடுக்க அதன் பிறகு அவள் கை போகவில்லை. நஞ்சப்பன்தான் அள்ளிக் கொடுப்பான். ஏன் என்று அவன் கேட்டதில்லை.

இவ்வளவும் அவர்கள் வீட்டோடு முடிந்திருந்தால்கூடக் காலம் ஓடியிருக்கும். ஆனால் நஞ்சப்பன் சொன்ன வார்த்தை ஊரில் வேறு விதமாக நடந்துகொண்டிருந்தது. நஞ்சப்பன் மகளுக்குக் குத்தியும் போய்விட்டதே, பிறகு எதற்கு ஊசி என்றார்கள். முன்பு பயந்து ஒளித்தவர்கள் இப்போது நியாயம் பேசி ஒளித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள்கூட அதைச் சொல்வதாகக் கேள்விப்பட்டபோது கண்ணம்மாள் கையில் இருந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறு வருடம் சித்திரையில் இண்டூருக்கு இப்பால் இரண்டு வீடுகளில் முத்து போட்டிருப்பதாகச் செய்தி வந்தது. பின்னாலேயே சவுரியப்பனின் சைக்கிளும் வந்தது. ஊர் வழக்கம்போலப் பிள்ளையில்லாத ஊரானது. பக்கத்து வீட்டு மாதம்மாள் தன் பையன் முனிராஜை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடி வந்தாள். சின்னப் பெண், முதல் பிள்ளை. பையன் இப்போதுதான் நடக்கப் பழகுகிறான்.

"அக்கா, உங்க வூட்டுல மட்டும் வந்து கேக்க மாட்டாரு. ஆத்தா வந்த வூடு. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

கண்ணம்மாள் பதில் சொல்வதற்குள் மாதம்மாள் தொம்பையை எட்டிப் பார்த்து, பையனை உள்ளே இறக்கி, கையில் ஒரு வெல்லக்கட்டியைத் திணித்துவிட்டாள். எந்த வீட்டிலும் ஒளிக்கிற இடம் அதுதான். வெல்லமும் எல்லாத் தாய்மார்களும் கொடுப்பதுதான். இருந்தாலும் கண்ணம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

சவுரியப்பன் இந்த முறை வீடு வீடாகப் போகவில்லை. கண்ணம்மாள் வீட்டுக்கு முன்னால் வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்தினார். பெண்கள் கூடினார்கள். ஆண்டி கோலை ஊன்றிக்கொண்டு வந்து நின்றான். கோடை உழவு முடித்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த நஞ்சப்பனும், முளையில் மாட்டைக் கட்டிவிட்டு வந்து ஓரமாக நின்றான். கண்ணம்மாள் நிலைக்கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றுகொண்டாள். இந்த மனிதரின் கண்ணில் படாமல் இருந்துவிட வேண்டும் என்பதுதான் ஒரு வருடமாக அவளுடைய பெரிய பயம். ஆத்தாளுக்குக்கூட அவள் அவ்வளவு பயந்ததில்லை.

அம்மை பக்கத்தில் வந்துவிட்டது, தயவு செய்து பிள்ளைகளைக் கொண்டுவாருங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் கம்மியிருந்தது. எத்தனை ஊரில் இதையே சொல்லியிருப்பாரோ.

மாதம்மாள் முன்னால் வந்தாள். "இந்த வூட்டு அண்ணன் புள்ளைக்குப் போன வருசம் குத்தினீங்களேங்க. என்னாச்சு? குத்தியும் ஆத்தா எடுத்துக்கிட்டாங்களே."

சவுரியப்பன் நிமிர்ந்து நஞ்சப்பனைப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். கதவுக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தார். அவருக்கு நினைவு வந்துவிட்டது என்பது கண்ணம்மாளுக்குத் தெரிந்துபோயிற்று. இதோ இப்போது சொல்லப் போகிறார் என்று சேலை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். அவர் போன முறை போலவே தரையைப் பார்த்தார்.

"சில புள்ளைங்களுக்கு மருந்து புடிக்காமப் போயிடும்மா" என்றார் மெல்ல. "இந்த வெயில்ல மருந்தே கெட்டுப் போயிருக்கலாம். தப்பு எங்க மேலயும் இருக்குங்க."

நஞ்சப்பன் அவர் பக்கத்தில் வந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "உங்க மேல தப்பு இல்லீங்க ஐயா" என்றான். "நீங்களும் செஞ்சீங்க, நானும் செஞ்சேன். யாரும் ஒரு கொறையும் வெக்கல. அவ சித்தம் அப்படி. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

செய்யாத தப்பை ஒருவர் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்க, இன்னொருவன் அவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான். இருவருக்கும் நடுவில் அவளுடைய பொய் ஒரு சாமியைப்போல நின்றது. கண்ணம்மாளுக்குத் தன் உடம்பைத் தானே கழற்றி எறிந்துவிடலாம் போல இருந்தது. அப்போது வீட்டுக்குள்ளே தொம்பையில் முனிராஜ் தும்மினான்.

வாசலில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சவுரியப்பன் கேட்காததுபோல் பெட்டியை மூடத் தொடங்கினார்.

கண்ணம்மாள் உள்ளே போனாள். ஒரு வருடமாகக் கை வைக்காத தொம்பையில் இரண்டு கைகளையும் விட்டுப் பிள்ளையைத் தூக்கினாள். வெல்லம் ஒழுகிய வாய், தலையெல்லாம் உமி. அவளைப் பார்த்து அது சிரித்தது. அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாதம்மாள் பதறிக்கொண்டு, "அக்கா, என்னா பண்றீங்க" என்று கையை நீட்டினாள்.

"இரு மாதம்மா." அவள் சவுரியப்பனைப் பார்க்கவில்லை, ஊரையும் பார்க்கவில்லை. நஞ்சப்பனைப் பார்த்துத்தான் சொன்னாள். "காவேரிக்குக் குத்தலீங்க. இதே தொம்பையிலதான் வெச்சிருந்தேன். புள்ளையே இல்லன்னு இவருகிட்ட சொன்னேன். இவரு சாயங்காலம் வரைக்கும் காத்துக்கிட்டிருந்தாரு. நான் போகல. உங்ககிட்ட ஆச்சுன்னு சொன்னது பொய்யிங்க."

ஆண்டி கோலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"ஏன்?" என்றான் நஞ்சப்பன். கோபம் இல்லை, கேட்டது சரியாகக் காதில் விழாதவன் கேட்பதுபோல் கேட்டான்.

"உங்க கால் வெந்துடும்னு பயந்துட்டேன்."

அவன் வாயைத் திறந்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று எல்லோரும் பார்த்தார்கள். எப்போதும் சொல்கிற அந்த வார்த்தைதான் வந்திருக்க வேண்டும். அதன் முதல் எழுத்துக்கு உதடு கூடியது. பிறகு வரவில்லை.

மாதம்மாள் பிள்ளையின் அருகில் வந்து நின்றாள். பிடுங்கிக்கொண்டு போகப் போகிறாள் என்றுதான் கண்ணம்மாள் நினைத்தாள். மாதம்மாள் மாயவனைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் குத்திக்கொண்டவன், தங்கையோடு ஒரே வீட்டில் இருந்தும் அம்மை தொடாதவன், சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். பிறகு தன் பிள்ளையின் சட்டைக் கையைத் தானே மேலே சுருட்டிவிட்டாள். கண்ணம்மாளின் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை.

சவுரியப்பன் பெட்டியைத் திறந்தார். சின்னக் கண்ணாடிக் குழாயை உடைத்து ஒரு சொட்டு மருந்தைப் பிள்ளையின் தோளுக்குக் கீழே விட்டார். சொட்டின் மேல் வட்ட ஊசியை வைத்து முறுக்கினார். முனிராஜ் வீறிட்டு அழுதான். "கையை அப்படியே புடிச்சுக்கங்கம்மா" என்றார். "தானாக் காயணும். தொடச்சிடாதீங்க."

கண்ணம்மாள் ஒரு கையால் பிள்ளையை அணைத்து, மறு கையால் அதன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொட்டு வெயிலில் மினுங்கியது. அவள் கண்களிலிருந்து நீர் இறங்கி மோவாயில் சொட்டியது. துடைத்துக்கொள்ளக் கை காலியில்லை. பிள்ளையின் கையில் விழுந்துவிடாமல் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டாள்.

திரும்பிய பக்கத்தில் நஞ்சப்பன் மாட்டு முளைக்கு அருகில் தரையில் உட்கார்ந்திருந்தான். வலது காலை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, உழவு மண் ஒட்டியிருந்த பாதத்தைக் கட்டைவிரலால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.